கல்லூரிதோறும் ஒரு கற்றல் துணையாளர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் செமஸ்டர் முடிவு வந்த வாரத்தில் மதுரை வட்டாரத்தில் எந்தக் கல்லூரிக்குள் நுழைந்தாலும் ஒரே பேச்சுதான்: "உனக்கு எத்தனை அரியர்?" பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிச் சேர்ந்த பிள்ளைகளும் அதில் இருப்பார்கள். உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் வகுப்பின் முதல் வரிசையில் நின்றவர்கள். நாலைந்து மாதத்துக்குள் அவர்களுடைய அறிவு மழுங்கிவிடாது. பள்ளியில் கைகொடுத்த படிப்பு முறை கல்லூரியில் கைகொடுக்கவில்லை, வேறு முறையை உட்கார வைத்துக் காட்டித்தர ஆளும் இல்லை. அதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஒருவரைக் கல்லூரிதோறும் அமர்த்த வேண்டும் என்று கேட்டே இதை எழுதுகிறோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பல பத்தாண்டுகளாக இருக்கும் பணியிடம் இது. இங்கே கற்றல் துணையாளர் என்று அழைக்கலாம். பெயர் எதுவாக இருந்தாலும் சரி, அவர் என்ன செய்வார் என்பது தெளிவாக இருந்தால்தான் பணம் ஒதுக்குகிறவர்களுக்கும் நம்பிக்கை வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

மென்டர் முறை இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. ஓர் ஆசிரியருக்கு இருபது முப்பது பிள்ளைகளைப் பிரித்துக் கொடுத்து, பெற்றோர் தொழில், ஆண்டு வருமானம், வருகைப் பதிவு, இன்டர்னல் மதிப்பெண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி மாதம் ஒருமுறை கையெழுத்து வாங்குகிறார்கள். வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் பாடம் நடத்தி, இன்டர்னல் தாள் திருத்தி, கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழுவுக்குக் கோப்பும் தயாரிக்கிற ஆசிரியரிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. பாடத்தில் பின்தங்கியவர்களுக்கு வைக்கும் ரெமீடியல் வகுப்பின் கதை இன்னும் மோசம். பாடம் நடத்திய அதே ஆசிரியர், அதே பாடத்தை, அதே வேகத்தில் இன்னொரு தடவை நடத்துகிறார். முதல் தடவை ஏன் புரியவில்லை என்று யாரும் கேட்பதில்லை. அதுவும் கடைசி மணி நேரத்துக்குப் பிறகு. செல்லம்பட்டியிலிருந்தோ சேடபட்டியிலிருந்தோ வருகிற பெண்பிள்ளை நாலு மணி பஸ்ஸை விட்டால் இருட்டித்தான் வீடு போய்ச் சேரும். ஆண்பிள்ளைகளில் பலர் ஜவுளிக்கடைக்கும் கல்யாண மண்டபத்துப் பந்தி வேலைக்கும் ஓடவேண்டியவர்கள். போதாக்குறைக்கு, 'ஸ்லோ லேர்னர்' என்று பெயர்ப் பட்டியல் தயாரித்து வகுப்பில் வாசிக்கிறார்கள். பதினெட்டு வயதில் அந்தப் பட்டியலில் பெயர் வந்த பிள்ளை அந்த அறைப் பக்கமே தலை வைத்துப் படுக்காது.

இதற்கு நல்ல மாற்று 1973-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் உள்ள மிசூரிப் பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் என்பவர் தொடங்கிய முறை. அங்கே பிள்ளைகளை வடிகட்டவில்லை, பாடங்களை வடிகட்டினார்கள். தோற்கிறவர்கள், தட்டுத் தடுமாறித் தேறுகிறவர்கள், பாதியில் விலகுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து 30 சதவீதத்தைத் தாண்டினால் அது கடினப் பாடம். அந்தப் பாடத்தை எடுத்த எவரும், முதலிடம் வாங்குகிறவர் உட்பட, துணை அமர்வுக்கு வரலாம். வருகிறவர் மேல் எந்த முத்திரையும் விழாது. முதலில் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் மாணவர்களுக்காக ஆரம்பித்தது, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

இங்கே செய்வதற்குத் தேவையான தகவல் ஒவ்வொரு கல்லூரியின் தேர்வுப் பிரிவிலும் இருக்கிறது. கடைசி மூன்று ஆண்டுத் தேர்வு முடிவை எடுத்துக்கொண்டு, தாள்வாரியாக எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தவறினார்கள் என்று ஓர் எக்செல் பக்கத்தில் போட்டால் போதும். ஒரு துறைக்கு இரண்டு மூன்று தாள்தான் சிவப்பாக நிற்கும். பி.காம். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், அறிவியல் பிள்ளைகளுக்குத் துணைப்பாடமாக வரும் அல்லைடு கணிதம். எல்லாப் பாடத்துக்கும் துணை வகுப்பு வைக்கிறோம் என்று கிளம்பி ஒன்றையும் உருப்படியாகச் செய்யாமல் விடுவதைவிட, அந்த இரண்டு தாளை மட்டும் பிடித்துக்கொள்வது நல்லது.

அமர்வை நடத்துவது ஆசிரியர் இல்லை. அதே தாளை நன்றாகத் தேறிய இரண்டாம் ஆண்டு அல்லது மூன்றாம் ஆண்டு சீனியர். அவர் மறுபடியும் அந்த வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். அப்போதுதான் இந்த வாரம் எங்கே வண்டி நின்றது என்று அவருக்குத் தெரியும். வாரம் இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடம், பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அவருக்கு உதவித்தொகை தரவேண்டும். சேவை என்று சொல்லிச் சும்மா வாங்கினால் இரண்டாம் மாதமே நின்றுவிடும், நிற்பதிலும் தவறில்லை.

இந்த ஏற்பாடு எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் ஆபத்து, அந்த அண்ணனோ அக்காவோ கையில் சாக்பீஸ் எடுத்துக் குட்டி வாத்தியார் ஆகிவிடுவது. பிள்ளைகளும் அதைத்தான் விரும்புவார்கள், ஏனென்றால் கேட்டுக்கொண்டே இருப்பது சுலபம். "இந்தக் கணக்கப் போட்டுக் காட்டுங்கக்கா" என்று கேட்டால், "நீ முதல் வரிய எழுது, எங்க முட்டுதுன்னு பாப்போம்" என்று சொல்லப் பழக வேண்டும். இதற்கு இரண்டு நாள் பயிற்சியும், முதல் மாதத்தில் கற்றல் துணையாளர் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பதும் அவசியம். இரண்டாவது, துறைத் தலைவர் தன் ரேங்க் மாணவரை அனுப்பிவைப்பது. எதிலும் தடுமாறாதவருக்கு அடுத்தவர் தடுமாறும் இடம் கண்ணில் படாது. உழைத்துப் படித்து 65, 70 வாங்கிய, நிதானமாகப் பேசுகிற பிள்ளைதான் இதற்குச் சரி. மூன்றாவது, அமர்வில் நோட்ஸ் கொடுப்பது. நோட்ஸ் கிடைக்கும் என்று தெரிந்தால் கூட்டம் சேரும். அடுத்த வாரம் நோட்ஸ் ஜெராக்ஸ் கடைக்குப் போகும், கூட்டம் கலைந்துவிடும்.

இனி, கற்றல் துணையாளர் தானே நேரில் செய்யவேண்டிய வேலை. இதில் பெரியது ஆங்கிலப் பக்கத்தைப் படிக்கக் கற்றுத்தருவது. தமிழ் வழியில் பன்னிரண்டு ஆண்டு படித்த பிள்ளைக்கு வகைக்கெழு தெரியும், பிணைப்பு தெரியும், தேய்மானம் தெரியும். கல்லூரியில் அவை வேறு பெயரில் வருகின்றன. தெரிந்ததே வந்திருக்கிறது என்று அடையாளம் காணும் முன்னே வகுப்பு அடுத்த அலகுக்குப் போய்விடுகிறது. உடனே கைக்கு வருவது செல்போன். பக்கத்தைப் படம் பிடித்து மொத்தமாக மொழிபெயர்த்துப் படிக்கிறார்கள். இயற்பியலில் 'பவர்' திறன், 'எனர்ஜி' ஆற்றல், 'ஃபோர்ஸ்' விசை. செல்போன் மூன்றையும் சக்தி என்று போட்டுவிடுவதும் உண்டு. பத்தி முழுக்கச் சக்தி நிரம்பிய பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

இதற்கு வழி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே வரிசையில், ஒரே படங்களோடு அச்சாகின்றன. இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீள நோட்டில் நெடுக்காகக் கோடு கிழித்து மூன்று பத்தி போட வேண்டும்: ஆங்கிலச் சொல், பாடநூலில் உள்ள தமிழ்ச் சொல், சொந்தமாக ஓர் எடுத்துக்காட்டு. ஒரு நாளைக்கு எட்டுச் சொல், அதற்கு மேல் கூடாது. முதல் செமஸ்டரின் ஒரு தாளுக்கு அறுபதிலிருந்து எண்பது கலைச்சொல் கைவசம் வந்தால் மீதி ஆங்கிலம் பெரிய தடையாக நிற்பதில்லை, ஏனென்றால் பாடநூல் ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் திரும்பத் திரும்ப வருகிறவைதான். மூன்றாவது பத்தியைப் பெரும்பாலும் நிரப்பாமல் விடுவார்கள். அதை விட்டால் நோட்டு வெறும் அகராதிதான். துணையாளர் முதலில் பார்க்கவேண்டியது அந்தப் பத்தியை.

ஓர் எடுத்துக்காட்டு. பொருளியல் முதலாண்டில் தேவை நெகிழ்ச்சி என்று ஒரு பாடம் உண்டு, ஆங்கிலத்தில் 'எலாஸ்டிசிட்டி ஆஃப் டிமாண்ட்'. புத்தகத்தில் அரைப் பக்க வரையறை, ஒரு சூத்திரம், வரைபடம். மாணவி வரையறையை மனப்பாடம் செய்திருக்கிறாள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளன்று மல்லிகை விலை என்ன ஆகும் என்று கேட்டால் உடனே பதில் வரும். விலை ஏறும், ஆனாலும் கல்யாண வீட்டுக்காரர் வாங்காமல் இருக்க மாட்டார். கணக்குக்காகக் கிலோ 500 ரூபாயிலிருந்து 600 ஆனது என்று வைத்துக்கொள்வோம், 20 சதவீத ஏற்றம். விற்பனை 100 கிலோவிலிருந்து 90 ஆனது, 10 சதவீத இறக்கம். பத்தை இருபதால் வகுத்தால் 0.5. ஒன்றுக்குக் கீழே இருப்பதால் நெகிழ்ச்சி குறைந்த தேவை. முகூர்த்தம் இல்லாத நாளில் அதே மல்லிகைக்கு விலை ஏறினால் என்ன ஆகும் என்பதை அவளே சொல்ல வேண்டும், எண்ணும் அவளே போட வேண்டும். பிறகு புத்தகத்தின் ஆங்கில வரையறைக்குத் திரும்பினால் ஒவ்வொரு சொல்லும் எதைக் குறிக்கிறது என்று தெரிகிறது. இதற்கு இருபது நிமிடம் ஆகும். அறுபது பேர் வகுப்பில் அந்த இருபது நிமிடம் கிடைக்காது. துணையாளர் மேசையில் கிடைக்கும்.

இதைத் தமிழில்தான் பேச வேண்டும். விடைத்தாளில் எழுதுவது ஆங்கிலமாக இருக்கலாம், விளங்கிக்கொள்வது பிள்ளைக்கு வசப்பட்ட மொழியில் நடக்கட்டும். வளாகத்தில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று விதி வைத்திருக்கும் கல்லூரிகள் இந்த மேசைக்காவது விலக்கு அளிக்க வேண்டும்.

அடுத்தது நினைவு. மேசைக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "எல்லாம் படிச்சுட்டேன் மேடம், எழுதறப்ப மறந்துருது." எப்படிப் படித்தாய் என்று கேட்டால், நாலு தடவை வாசித்தேன், முக்கியமான வரிக்கெல்லாம் மஞ்சள் பேனாவில் கோடு போட்டேன் என்பார்கள். உழைப்பில் குறையே இல்லை. அந்த உழைப்பு போன இடம்தான் தவறு. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ஒரு பிரிவு மறுபடி வாசித்தது. இன்னொரு பிரிவு பத்தியை மூடிவிட்டு நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. பிள்ளைகள் ஏன் திரும்பத் திரும்ப வாசிப்பதையே நம்புகிறார்கள் என்பதும் இதிலேயே தெரிகிறது. படித்த கையோடு சோதித்தால் அதுதான் பலன் தருவது போலத் தோன்றும். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

ஆகவே மேசையில் செய்ய வேண்டியது இது. ஒரு தலைப்பைப் பத்து நிமிடம் படிக்க வேண்டும். புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட வேண்டும், மேசை மேல் இருந்தால் கண் போகும். வெள்ளைத்தாளில் நினைவுக்கு வந்ததை எல்லாம் எழுத வேண்டும், தமிழோ ஆங்கிலமோ, படமோ அம்புக்குறியோ. ஏழெட்டு நிமிடம். நினைவு வராத இடத்தில் அப்படியே இடம் விட வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விடுபட்டதையும் தவறானதையும் சிவப்பு மையில் அதே தாளில் சேர்க்க வேண்டும். அந்தச் சிவப்பு எழுத்துதான் அடுத்த நாள் படிக்க வேண்டியது, பாடம் முழுவதும் இல்லை. மறுநாள், ஏழாம் நாள், மூன்றாம் வாரம் என்று இடைவெளி விட்டு மறுபடி வெள்ளைத்தாள். முதல் தாளைப் பார்த்ததும் பிள்ளைகள் சோர்ந்து போவார்கள். நாலு தடவை வாசித்த பாடத்தில் ஆறு வரிதான் வந்திருக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்து, "இது தேர்வு ஹால்ல தெரிஞ்சிருந்தா அரியர்ப்பா, இங்க தெரிஞ்சது நல்லதுதான்" என்று சொல்ல வேண்டும். தனியாக முயல்கிற பிள்ளைகள் இந்த முறையைக் கைவிடுவது இங்கேதான், முதல் தாளிலேயே.

கணக்குப் பதிவியலுக்கும் கணிதத்துக்கும் இதே முறையை வேறு விதமாகச் செய்ய வேண்டும். ஆசிரியர் போட்ட கணக்கைப் பார்த்து எழுதுவது படிப்பு ஆகாது. தீர்வை அட்டையால் மறைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கி, அடுத்த வரி என்ன என்று முதலில் எழுதிவிட்டு அட்டையை நகர்த்த வேண்டும். ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து பத்துப் போடுவதை விட, மூன்று வகையைக் கலந்து பத்துப் போடுவது நல்லது. தேர்வில் எந்த வகை என்று தலைப்புப் போட்டுத் தரமாட்டார்கள். வகையைக் கண்டுபிடிப்பதில்தான் பாதி மதிப்பெண் போகிறது.

தேர்வு எழுதும் முறைக்கு ஒரே ஒரு அமர்வு போதும், ஆனால் அது கட்டாயம் வேண்டும். நம் பகுதிக் கல்லூரிகளில் பரவலாக உள்ள வினாத்தாள் 75 மதிப்பெண், மூன்று மணி நேரம்: ஒரு மதிப்பெண் வினா பத்து, ஏழு மதிப்பெண் வினா ஐந்து, பத்து மதிப்பெண் வினா மூன்று. ஒரு மதிப்பெண் பகுதிக்கு 15 நிமிடம், ஏழு மதிப்பெண்ணுக்கு 15 நிமிடம் வீதம் 75, பத்து மதிப்பெண்ணுக்கு 22 வீதம் 66. ஆகமொத்தம் 156. மீதி 24 நிமிடம் வினாத்தாளை வாசிக்கவும் கடைசியில் திருப்பிப் பார்க்கவும். இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டாததால் முதல் பத்து மதிப்பெண் வினாவுக்கு முக்கால் மணி நேரம் கொடுத்து, ஏழெட்டுப் பக்கம் எழுதி, கடைசி வினாவைத் தொடாமலே பேப்பரைக் கட்டுகிற பிள்ளைகள் உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு தரமாட்டார்கள். எழுதாத வினாவுக்குச் சுழியம்தான். இன்னொன்று, வினாவில் 'டிஸ்டிங்குவிஷ்', அதாவது வேறுபடுத்திக் காட்டு, என்று கேட்டால் இரண்டையும் தனித்தனிப் பத்தியாக எழுதாமல், நடுவில் கோடு போட்டு எதிரெதிரே எழுத வேண்டும், ஒவ்வொரு வரியிலும் ஒரே அடிப்படையில் ஒப்பிட வேண்டும். தெரிந்தும் மதிப்பெண் இழப்பது இந்த மாதிரி இடங்களில்தான்.

அசைன்மென்ட் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறோம், பழி முழுவதையும் பிள்ளைகள் மேல் போட முடியாது. பார்த்து எழுதாதே என்கிறோம், பார்க்காமல் எழுதுவது எப்படி என்று காட்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளின்படி, ஆய்வேடு பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை, 40 முதல் 60 சதவீதம் என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தர முடியாது, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முதுகலைக்குப் போன பிறகு இதை முதன்முதலாகக் கேள்விப்பட்டு அதிர்கிற பிள்ளைகளுக்கு, முதலாண்டிலேயே ஒரு பத்தியில் பழக்கியிருக்கலாம். வாசி, மூடு, பக்கத்தில் உள்ளவருக்குப் பேச்சுத் தமிழில் சொல்லு, சொன்னதை நாலு எளிய ஆங்கில வாக்கியமாக எழுது, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று கீழே குறி. மூலத்தில் உள்ள வாக்கியத்தில் நாலு சொல்லை மாற்றிப் போடுவது சொந்த எழுத்து ஆகாது என்பதை, இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்குகிற பழக்கத்துக்கும் இந்தப் பயிற்சியே மருந்து. எழுதத் தெரியாதவர்தான் முதலில் அங்கே ஓடுகிறார்.

மேசைக்கு வருகிறவர்களில் சிலருக்குப் பிரச்சினை முறையில் இல்லை. எழுத்துகள் இடம் மாறித் தெரிவது, வாய்விட்டுச் சொன்னால் சரியாகச் சொல்லி எழுதினால் தடுமாறுவது, எவ்வளவு பழகினாலும் வாசிப்பு வேகம் கூடாதது போன்ற அறிகுறிகளைத் துணையாளர் கவனிக்க வேண்டும். கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்ற 21 வகைகளுள் ஒன்று. உரிய சான்றிதழ் இருந்தால் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித்தரும் உதவியாளரும், மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரமும், அதாவது மூன்று மணித் தேர்வுக்கு இன்னொரு மணி நேரமும், உரிமையாகக் கிடைக்க வேண்டும். பள்ளியில் யாரும் கண்டுகொள்ளாததால் சான்றிதழ் இல்லாமலே கல்லூரிக்கு வந்துவிடுகிறவர்கள் உண்டு. அதைத் துணையாளரே முடிவுசெய்யக் கூடாது. அரசு மருத்துவமனைக்கு அனுப்பிப் பரிசோதிக்கச் செய்வதோடு அவர் வேலை முடிகிறது. விஷயம் வெளியே போகக் கூடாது.

இப்படிப்பட்டவருக்கு என்ன தகுதி வேண்டும்? ஏதாவது ஒரு பாடத்தில் முதுகலை, பி.எட். அல்லது கல்லூரியில் பாடம் நடத்திய அனுபவம், தமிழ் வழிப் பிள்ளைகளோடு பழகிய பழக்கம். இவை போதும். பாடவேளை தரக் கூடாது. தந்தால் ஆள் பற்றாக்குறை வந்த முதல் நாளே அவர் வகுப்புக்கு அனுப்பப்படுவார், மேசை காலியாகும். மதிப்பெண் போடும் அதிகாரமும் அவரிடம் இருக்கக் கூடாது. இன்டர்னல் மதிப்பெண் கையில் இருப்பவரிடம் "எனக்கு இது புரியல" என்று எந்தப் பிள்ளையும் மனம்விட்டுச் சொல்லாது. அவர் உட்கார வேண்டிய இடம் நூலகத்தில் எல்லாரும் நடமாடும் பகுதி. துறைத் தலைவர் அறைக்குப் பக்கத்தில் போட்டால் யாரும் வரமாட்டார்கள்.

நேரம் முக்கியம். ஷிப்ட் முறை உள்ள கல்லூரிகளில் காலைப் பிள்ளைகள் வெளியே வந்து, மதியப் பிள்ளைகள் உள்ளே போகும் இடைவெளியில் இரண்டு பக்கத்தையும் பிடிக்கலாம். மற்ற கல்லூரிகளில் மதிய உணவு வேளையும், காலையில் முதல் பஸ்ஸில் வந்து வகுப்புத் தொடங்கும் வரை மரத்தடியில் காத்திருக்கும் முக்கால் மணி நேரமும் உண்டு. ஒருவருக்கு இருபது நிமிடம், முன்பதிவு தேவையில்லை. முதல் நாலு நிமிடம் பிள்ளை பேசட்டும், எந்தத் தாள், எந்த அலகு, எப்படிப் படித்தாய். பிறகு பன்னிரண்டு நிமிடம் அந்தப் பிள்ளையின் சொந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வைத்துச் செய்து பார்ப்பது. பொதுவான அறிவுரை எதுவும் வேண்டாம், 'நன்றாகத் திட்டமிட்டுப் படி' என்பதைப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்து கேட்டுச் சலித்துவிட்டார்கள். கடைசி நாலு நிமிடத்தில், வியாழக்கிழமைக்குள் என்ன செய்வாய் என்று ஒரே ஒரு வேலையைப் பிள்ளையே தன் கையால் எழுத வேண்டும். பதிவேட்டில் பெயர் தேவையில்லை. தாள், அலகு, என்ன சிக்கல், என்ன செய்து பார்த்தோம் என்ற நாலு விவரம் போதும். ஒரே அலகு பத்துத் தடவை வந்திருந்தால், பெயர் சொல்லாமல் அந்தத் துறைக்குத் தெரிவிக்கலாம். பாடம் நடத்துகிறவர்களுக்கு அது நல்ல உதவி, குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பலன் தெரிகிறதா என்று பார்க்க வந்தவர்களின் தலையை எண்ணுவதும், பேனர் கட்டிப் படம் எடுப்பதும் உதவாது. தேர்ந்தெடுத்த அந்த இரண்டு தாளின் தேர்ச்சி, முந்தைய மூன்று ஆண்டோடு ஒப்பிட்டால் எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வந்தவர்கள், வராதவர்கள் என்று பிரித்தும் பார்க்கலாம், ஆனால் அக்கறை உள்ள பிள்ளைகளே முதலில் வருவார்கள் என்பதால் அந்த வித்தியாசத்தை அப்படியே நம்பக் கூடாது. பிளஸ் டூ மதிப்பெண் ஒத்த பிள்ளைகளுக்குள் ஒப்பிட்டால் ஓரளவு சரியாக வரும்.

அரசு இன்று கல்லூரிப் படிப்புக்குச் செலவழிக்காமல் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2024 முதல் ஆண்களுக்கும் தமிழ்ப் புதல்வன். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவர இவை பெரிதும் உதவுகின்றன, மனமாரப் பாராட்டுகிறோம். நான் முதல்வன் திட்டம் வேலைக்கான திறனைக் கவனிக்கிறது. நடுவில் இருக்கிற இடம், அதாவது சேர்ந்த முதல் ஆறு மாதம், யார் கணக்கிலும் இல்லை. அரியர் விழுவதும் பிள்ளை மனமொடிந்து நின்றுவிடுவதும் அந்த ஆறு மாதத்தில்தான்.

எனவே கல்லூரிக் கல்வித் துறையின் மதுரை மண்டல அலுவலகமும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் சேர்ந்து, முதலில் ஓர் அரசுக் கல்லூரியிலும் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியிலும் இதைத் தொடங்கிப் பார்க்கட்டும். சனிக்கிழமை அமர்வுகளுக்கு நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு மூலை கேட்டுப் பெறலாம். தேர்வுக்கு ஒரு மாதம் முன்னதாக ஆள் போட்டால் அது இன்னொரு ரெமீடியல் வகுப்பாக முடியும். முதலாண்டு வகுப்பு தொடங்கும் நாளிலேயே துணையாளர் மேசையில் இருக்க வேண்டும் என்றால், தாள்களைத் தேர்ந்தெடுப்பதும் சீனியர்களுக்குப் பயிற்சி தருவதும் மே மாத விடுமுறையிலேயே முடிந்திருக்க வேண்டும். அதற்கான உத்தரவு ஏப்ரலுக்குள் வந்தால்தான் இது நடக்கும்.

இப்படிக்கு,
கல்லூரி மாணவர்களின் கற்றல் திறன் பயிற்சியில் ஈடுபட்டுள்ள ஆசிரியர்கள் சிலர்,
மதுரை.